பைக்கில் மேப் போட்டுப் போக: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காரில் மேப் போட்டுப் போவது சுலபம். பக்கத்து சீட்டில் இருப்பவர் பார்த்துச் சொல்வார், போன் நிழலில் இருக்கும், சார்ஜர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பைக்கில் இதில் ஒன்றுகூடக் கிடையாது. போன் வெயிலில் காயும், மழையில் நனையும், மேடுபள்ளத்தில் குலுங்கும். கையுறை போட்ட விரலை ஸ்கிரீன் கண்டுகொள்ளவே கொள்ளாது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். இரண்டு நொடி ஸ்கிரீனைப் பார்த்தால், 33 மீட்டர் ரோட்டையே பார்க்காமல் ஓட்டியிருக்கிறோம். நம் ஊரில் அந்த 33 மீட்டருக்குள் வெள்ளை அடிக்காத ஒரு ஸ்பீடு பிரேக்கர், குறுக்கே வரும் ஒரு மாடு, ராங் சைடில் வரும் ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் என எது வேண்டுமானாலும் இருக்கலாம்.

அதனால் கீழே சொல்லியிருப்பது எல்லாம் ஒரே நோக்கத்தில்தான். மேப் சம்பந்தமான வேலையை வண்டி நிற்கும்போதே முடித்துவிட வேண்டும். ஓடும்போது காது மட்டும் போதும் என்ற நிலைக்கு வர வேண்டும். ஸ்கிரீன் என்பது சந்தேகம் வந்தால் ஒரு பார்வை பார்த்துக்கொள்ள.

முதலில், எதில் போடுவது

கையில் இருக்கும் போனே போதும். ஆனால் புதிதாக வாங்கிய விலை கூடிய போனை ஹேண்டில்பாரில் மாட்டாதீர்கள். அதிக சக்தியுள்ள மோட்டார்சைக்கிள் இன்ஜின்களின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாக ஏறி, ஐபோன் கேமராவில் படம் ஆடாமல் பிடித்துக்கொள்ளும் நுண்ணிய பாகங்களை நாளடைவில் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் எச்சரித்தது. அந்த மாதிரி கேமரா மற்ற கம்பெனிப் போன்களிலும் உண்டு. வீட்டில் மேசை டிராயரில் பழைய ஆண்ட்ராய்டு போன் ஏதாவது கிடந்தால் அதை எடுத்துத் துடைத்து இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்தாலும் மனசு அவ்வளவாக வலிக்காது.

அந்தப் போனில் சிம் இல்லையே என்று யோசிக்க வேண்டாம். ஜிபிஎஸ்ஸுக்கும் மொபைல் டவருக்கும் சம்பந்தமில்லை. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் சிக்னலை போன் வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். அது திருப்பி எதையும் மேலே அனுப்புவதில்லை. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால் நாம் நிற்கும் இடத்தைக் கணக்குப் போட்டுவிடும். இப்போது வரும் போன்கள் அமெரிக்காவின் ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலீலியோ, சீனாவின் பெய்டூ ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கின்றன. சில போன்களில் இந்தியாவின் நாவிக்கும் உண்டு.

பின்னே நெட் எதற்கு? மேப் படத்தை இறக்க, நெரிசலைத் தெரிந்துகொள்ள, முதல்முறை இடம் பிடிப்பதைச் சீக்கிரமாக முடிக்க. டவர் இல்லாத மலையில் போனை ஆன் செய்தால் நீலப் புள்ளி வருவதற்குச் சில நிமிடம் ஆவது இந்தக் கடைசிக் காரணத்தால்தான். வானம் தெரியும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் வந்துவிடும். ட்ராஃபிக்கும் தெரிய வேண்டும் என்றால் பாக்கெட்டில் இருக்கும் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுங்கள்.

கார்மின் ஸூமோ எக்ஸ்டி மாதிரி பைக்குக்கென்றே செய்த கருவிகளும் இருக்கின்றன. 5.5 அங்குலத் திரை, தண்ணீர் உள்ளே போகாது, கையுறையோடு தொடலாம், உச்சி வெயிலிலும் தெரியும். காடு மலை என்று வாரக்கணக்கில் சுற்றுபவர்களுக்கு அது சரியான சாமான். ஊருக்குள் ஓட்டிக்கொண்டு மாதம் ஒருமுறை ஏலகிரியோ ஏற்காடோ போகிறவர் அவ்வளவு காசு போட வேண்டியதில்லை என்பது என் கருத்து. நம் ஊரில் தெருவை ஒருவழி ஆக்குவதும் திருப்புவதும் அடிக்கடி நடக்கிறது. அந்த மாற்றம் போன் மேப்பில்தான் சீக்கிரம் ஏறுகிறது.

சில வண்டிகளிலேயே வழிகாட்டி வருகிறது. 2018-இல் வந்த டிவிஎஸ் என்டார்க்கில் போனை ப்ளூடூத்தில் இணைத்தால் மீட்டரிலேயே திருப்பம் காட்டும். ராயல் என்ஃபீல்டு 2020-இல் மீட்டியார் 350-இல் ட்ரிப்பர் என்ற சின்ன வட்டத் திரையைக் கொடுத்தது. அதில் அம்புக்குறியும் தூரமும்தான் வரும். வெறும் அம்புதானா என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். ஓட்டும்போது கண்ணுக்குத் தேவையானது அந்த அளவுதான், போனும் பத்திரமாக பாக்கெட்டில் இருக்கும். உங்கள் வண்டியில் அது இருந்தால் அடுத்த பகுதியைத் தாண்டிப் போய்விடலாம்.

மாட்டுவது

கடையில் போய் "போன் ஹோல்டர்" என்று கேட்டால் பிளாஸ்டிக்கில் ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். வேண்டாம். அலுமினியத்தில், நான்கு மூலையையும் பிடிக்கிற, திருகி இறுக்குகிற மாதிரி வாங்குங்கள். அதிர்வைக் குறைக்கும் ரப்பர் டேம்பர் தனியாகக் கிடைக்கும், அதையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். ஹேண்டில்பார் தடிமனை முன்பே அளந்துகொண்டு போவது நல்லது. பெரும்பாலான வண்டிகளில் கிளாம்ப் மாட்டும் இடம் 22 மி.மீ. இருக்கும். சிலவற்றில் 25.4, அட்வென்ச்சர் வண்டிகள் சிலவற்றில் 28.6 மி.மீ. ஸ்கூட்டரில் ஹேண்டில்பார் வெளியே தெரியாது என்பதால் கண்ணாடித் தண்டில் மாட்டும் வகைதான் பொருந்தும். தண்டு நீளமாக இருந்தால் அங்கே ஆட்டம் கூடுதலாக இருக்கும், முடிந்தவரை கீழே இறக்கி மாட்டச் சொல்லுங்கள்.

மாட்டிய பிறகு கடையை விட்டுக் கிளம்பும் முன் இதையெல்லாம் பாருங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள். போன் டேங்கிலோ வைசரிலோ இடிக்கக் கூடாது, கிளட்ச் கேபிளை மடக்கக் கூடாது. ஸ்பீடோமீட்டரும் இண்டிகேட்டர் விளக்கும் மறையக் கூடாது. அப்புறம், ஹோல்டரின் பக்கவாட்டுப் பிடி போனின் பவர் பட்டன் மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். உட்கார்ந்திருந்தால் ரோடு குலுங்கக் குலுங்க அந்தப் பட்டன் அமுங்கிக்கொண்டே இருக்கும். ஸ்கிரீன் அணையும், போனே அணையும், சில போன்களில் அவசர உதவி எண்ணுக்கு அழைப்பே போய்விடும். போனை அரை அங்குலம் நகர்த்தினால் தீர்ந்துபோகிற விஷயம் இது.

ஹோல்டர் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் போனைச் சுற்றி ஒரு ரப்பர் வலையோ கயிறோ போட்டுவையுங்கள். டீக்கடையில் நிறுத்தினால் போனைக் கழற்றிக்கொண்டு போங்கள். சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

சார்ஜ்

முழு வெளிச்சத்தில் ஸ்கிரீன், ஜிபிஎஸ், நெட், ப்ளூடூத் எல்லாம் ஓடினால் சென்னையில் கிளம்பிய பழைய போனின் பேட்டரி விழுப்புரம் தாண்டுவதற்குள் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். புதிதாக ஆரம்பிப்பவர் வயரில் கை வைக்காமல் ஒரு 10,000 எம்ஏஎச் பவர் பேங்க்கை டேங்க் பேக்கில் (பெட்ரோல் டேங்க் மேல் மாட்டும் பை) போட்டு, குட்டை கேபிளில் இணைத்துக்கொள்ளலாம். ஒரு நாள் ஓட்டத்துக்கு அது தாராளம். மழைக்கும் தொந்தரவு குறைவு.

நிரந்தரமாக வேண்டும் என்றால் வண்டியில் யுஎஸ்பி சார்ஜர் போடலாம். 5 வோல்ட், 2 ஆம்பியருக்குக் குறையாமல் கொடுக்கிற, மூடி உள்ள சார்ஜராகப் பாருங்கள். 1 ஆம்பியர் சார்ஜர் போட்டால், சார்ஜ் ஏறுவதாகக் காட்டிக்கொண்டே பேட்டரி இறங்கும். எலக்ட்ரீஷியனிடம் மூன்று விஷயத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒன்று, சாவி போட்டால்தான் சார்ஜருக்குக் கரண்ட் வர வேண்டும். இரண்டு, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைக்க வேண்டும். மூன்று, ஹெட்லைட் வயரைச் சீவி அதில் முறுக்கிவிடக் கூடாது. ரிலே (சாவி போட்டதும் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) வைத்து பேட்டரியிலிருந்து தனியாக இழுக்க வேண்டும். "அதெல்லாம் வேண்டாம் சார், நேரா குடுத்துடலாம், ஒண்ணும் ஆகாது" என்று சொன்னால் வேறு கடை பாருங்கள்.

ஒன்றும் ஆகாது என்பது எப்படித் தப்பு என்று ஒரு சின்னக் கணக்கு. நேரடியாகக் கொடுத்தால், போன் சொருகாவிட்டாலும் சார்ஜரில் இருக்கும் குட்டி விளக்கும் சர்க்யூட்டும் கொஞ்சம் கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும். 10 மில்லியாம்பியர் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். கிட்டத்தட்ட 1.7 ஆம்பியர்-ஹவர் போய்விடும். 100 சிசி வண்டிகள் பலவற்றில் பேட்டரியே 3, 4 ஆம்பியர்-ஹவர்தான். ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்து செல்ஃப் அமுக்கினால் "டிக் டிக்" என்று சத்தம் மட்டும் கேட்கும்.

வாரன்ட்டி முடியாத வண்டி என்றால் கம்பெனி வயரை அறுக்காமல் கப்ளரில் (வயர்கள் இணையும் சொருகி) சொருகும் வகையைத் தேடுங்கள். அறுத்த வயரைப் பார்த்தால் சர்வீஸ் சென்டரில் அதையே காரணம் காட்டுவார்கள்.

வீட்டிலேயே வழி போடுவது

இதுதான் முக்கியமான கட்டம். புதியவர்கள் அவசரப்படுவதும் இங்கேதான். கேட்டைத் தாண்டி வண்டியை ஸ்டார்ட் செய்த பிறகு, ஊர்ப் பெயரை அடித்து, முதலில் வந்ததைத் தொட்டு, "ஸ்டார்ட்" கொடுத்துக் கிளம்புகிறார்கள். முந்தின நாள் ராத்திரி அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும், மறுநாள் ஸ்கிரீனைப் பார்க்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது.

கொல்லிமலையை எடுத்துக்கொள்வோம். முதல் கேள்வி: எங்கே போகிறீர்கள்? "கொல்லிமலை" என்று அடித்தால் மேப் அந்தப் பெரிய மலையில் ஏதோ ஓர் இடத்தில் பின் (இடத்தைக் காட்டும் குறி) வைக்கும். உங்களுக்கு வேண்டியது செம்மேடா, அறப்பளீஸ்வரர் கோயிலா, முன்பதிவு செய்த விடுதியா? அந்த இடத்தையே தேடிப் போடுங்கள். விடுதி என்றால் அவர்களை அழைத்து வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பச் சொல்லி, அந்தப் பின்னைச் சேமித்துக்கொள்ளுங்கள். புதூர், புதுப்பட்டி, ஆலங்குளம் மாதிரியான பெயர்களில் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஊருக்குப் போகும்போது பெயரோடு தாலுகாவையோ ஆறு இலக்க பின்கோடையோ சேர்த்து அடிக்க வேண்டும். மொத்தத் தூரத்தைப் பார்த்தாலும் தப்பு தெரிந்துவிடும்: அறுபது கிலோமீட்டர் என்று ஊர்க்காரர் சொன்ன இடத்துக்கு மேப் இருநூறு காட்டினால் அது வேறு புதூர்.

இரண்டாவது: எந்தப் பக்கமாக ஏறப் போகிறீர்கள்? கொல்லிமலையின் புகழ்பெற்ற 70 கொண்டை ஊசி வளைவுகள் காரவள்ளியிலிருந்து ஏறும் பாதையில் இருக்கின்றன. நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக அங்கே வரலாம். முள்ளுக்குறிச்சிப் பக்கமிருந்து ஏறும் இன்னொரு பாதையும் உண்டு. ஆத்தூர், தம்மம்பட்டி வழியாக வருபவருக்கு மேப் அதைச் சொல்லக்கூடும், அதன் கணக்கில் அதுதான் கிட்டம். எழுபது வளைவுக்காகவே கிளம்பியவர் மேலே போய்ச் சேர்ந்த பிறகு "வளைவு எங்கே?" என்று தேடுவார். இதற்கு மருந்து, நடுவில் ஒரு நிறுத்தத்தைச் சேர்ப்பது. வழியைப் போட்டதும் மெனுவில் நிறுத்தம் சேர்க்கும் வசதி இருக்கும். அதில் காரவள்ளியைப் போடுங்கள். பின்னை ரோட்டின் மேலேயே வையுங்கள். பக்கத்துத் தெருவில் விழுந்தால், அந்தத் தெருவுக்குள் போய்விட்டு வரும்படி அது வழியெல்லாம் நச்சரிக்கும்.

மூன்றாவது, அமைப்புகள். கூகுள் மேப்பில் இருசக்கர வாகனத்துக்கான முறை 2017 டிசம்பரில் இந்தியாவில்தான் முதலில் வந்தது. கார் படத்துக்குப் பதில் பைக் படத்தைத் தேர்ந்தெடுங்கள். கார் முறையில் போட்டால் பைக் போகக்கூடாத ரோட்டிலும் ஏற்றிவிடும். பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் பிரதான பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக்குக்கு அனுமதி இல்லை, சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும். ஓசூர் வழியாக மைசூர் போகும் நம் ஆட்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அடுத்தது டோல். "டோல் தவிர்" என்ற அமைப்பை ஆன் செய்திருந்தால் அணைத்துவிடுங்கள். தேசிய நெடுஞ்சாலை டோல் கேட்டில் பைக்குக்குக் கட்டணம் கிடையாது, இடது ஓரத்தில் விட்டிருக்கும் சந்தில் நுழைந்து போய்விடலாம். அந்த அமைப்பு ஆன் ஆகியிருந்தால், இல்லாத செலவைத் தவிர்ப்பதற்காக உங்களை ஊர் ஊராகச் சுற்ற வைக்கும்.

நான்காவது, மேப்பை இறக்கி வைப்பது. கூகுளில் உங்கள் படத்தைத் தொட்டால் ஆஃப்லைன் மேப் என்று வரும். போகும் பாதை முழுக்க அடங்குகிற மாதிரி சதுரம் போட்டு வைஃபையில் இறக்குங்கள். ஆஃப்லைனில் நெரிசல் தெரியாது, மாற்றுப் பாதையும் தராது. இதற்குத் துணையாக ஆர்கானிக் மேப்ஸ் என்ற ஆப்பையும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும், 2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் வரைபடத்தை அது பயன்படுத்துகிறது. முழுக்க முழுக்க நெட் இல்லாமலே ஓடும், பழைய போனிலும் திணறாது. மலையில் சின்னப் பாதைகள் கூகுளில் இல்லாதது இதில் இருக்கும், சில இடங்களில் நேர்மாறாகவும் இருக்கும். மேப்மைஇந்தியாவின் மேப்பல்ஸ் ஆப்பில் ஸ்பீடு பிரேக்கரையும் பள்ளத்தையும்கூட முன்கூட்டிச் சொல்லும் வசதி உண்டு, ராத்திரி ஓட்டுபவர்களுக்கு அது உதவும்.

கடைசியாக, ஒரு துண்டுத் தாள். போகும் வழியிலுள்ள ஊர்களை வரிசையாகப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். சென்னையிலிருந்து கொல்லிமலை என்றால்: உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர், ராசிபுரம், சேந்தமங்கலம், காரவள்ளி. பிளாஸ்டிக் உறையில் போட்டு டேங்க் பேக்கின் மேலே வையுங்கள். பழைய காலத்து வேலை என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். போன் சூடேறி அணைந்த பிறகும் ரோட்டோரப் பச்சைப் பலகையைப் பார்த்தே நீங்கள் ஓட்டிக்கொண்டு போகலாம். எழுதும்போதே பாதி வழி மனதில் பதிந்துவிடும் என்பதுதான் இதில் பெரிய லாபம்.

காதில் கேட்பது

குரல் வழிகாட்டல் இல்லாமல் பைக்கில் மேப் போடுவதில் அர்த்தமே இல்லை. ஹெல்மெட்டுக்குள் வைக்கும் ப்ளூடூத் ஸ்பீக்கர் செட் ஒன்று வாங்குங்கள். விலை குறைந்ததே போதும். இரண்டு காதிலும் இயர்போனைத் திணிக்க வேண்டாம், பின்னால் வரும் பஸ் ஹார்ன் கேட்க வேண்டும்.

குரலைத் தமிழிலும் வைக்கலாம், ஆங்கிலத்திலும் வைக்கலாம். ஆங்கிலக் குரல் நம் ஊர்ப் பெயர்களை மென்று துப்பும். தமிழ்க் குரலுக்குச் சில இடங்களில் வாக்கியம் நீண்டுவிடும், சொல்லி முடிப்பதற்குள் திருப்பம் வந்துவிடும். இரண்டையும் ஊருக்குள் போட்டு ஓட்டிப் பார்த்து எது உங்கள் காதுக்குச் சீக்கிரம் ஏறுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். குரல் சத்தத்தைக் கூடுதலாக வைக்கும் தேர்வு மேப்பிலேயே இருக்கிறது, 70 கி.மீ. வேகத்துக் காற்றில் அது தேவைப்படும்.

ஆண்ட்ராய்டில் ஸ்கிரீனை அணைத்துவிட்டு போனை பாக்கெட்டில் போட்டாலும் குரல் வந்துகொண்டே இருக்கும். திடீரென்று நின்றுபோனால் பேட்டரி மிச்சம் பிடிக்கும் அமைப்பு மேப் ஆப்பை மூடியிருக்கும். அமைப்புகளில் பேட்டரி பகுதிக்குப் போய், மேப் ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாடு வேண்டாம் என்று கொடுத்துவிடுங்கள். ஸ்கிரீன் தேவைப்படுவது நகரத்துக்குள் அடுத்தடுத்து திருப்பம் வரும் இடங்களில்தான். நான்குவழிச் சாலையில் ஐம்பது கிலோமீட்டர் நேரே போக வேண்டிய இடத்தில் எதற்குப் போனை வெயிலில் காயப்போட வேண்டும்?

முதல் ஓட்டத்தை நன்றாகத் தெரிந்த பாதையிலேயே வையுங்கள். வீட்டிலிருந்து ஆபீஸுக்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில். "200 மீட்டரில் இடது" என்று அது சொல்லும்போது உண்மையில் எந்தக் கடை வாசலில் இருக்கிறீர்கள் என்று கவனியுங்கள். அந்தக் கணக்கு கண்ணுக்குப் பழகிவிட்டால் தெரியாத ஊரில் தடுமாற மாட்டீர்கள்.

மேப் சறுக்கும் இடங்கள்

நல்ல திறந்தவெளியிலும் போனின் கணக்கு ஐந்து மீட்டர் வரை இப்படி அப்படி இருக்கும். நெடுஞ்சாலைக்கும் சர்வீஸ் ரோட்டுக்கும் இடைவெளி பெரும்பாலும் அதற்குப் பக்கத்தில்தான். நீங்கள் எதில் போகிறீர்கள் என்று அது ஊகிக்கிறது, ஊகம் தப்பும்போது இல்லாத இடத்தில் திரும்பச் சொல்கிறது. மேம்பாலத்தில் இது இன்னும் மோசம், மேலேயும் கீழேயும் மேப்பில் ஒரே கோடு. கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டில் 2025 அக்டோபரில் திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலம் பத்து கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளம். கீழே இறங்க வேண்டியவர் மேலே ஏறிவிட்டால் அடுத்த இறங்குபாதை வரும்வரை கூடவே போக வேண்டியதுதான். மேம்பாலம் ஏறுவதா வேண்டாமா என்று முன்கூட்டியே சொல்லும் வசதியை 2024 ஜூலையில் 40 இந்திய நகரங்களுக்கு கூகுள் அறிவித்தது. அது சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் தீர்ப்பைப் பச்சைப் பலகைக்கு விடுங்கள். கத்திப்பாரா மாதிரி வளைய வளையப் போகும் இடத்தில் எந்த வளையம் என்பதைக் குரல் சொல்லி முடிக்க முடியாது. முந்தின நாளே மேப்பைப் பெரிதாக்கி, எந்தப் பக்கம் ஒதுங்கி எங்கே ஏற வேண்டும் என்று விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிடுங்கள்.

திருப்பத்தைத் தவறவிட்டால் தவறவிட்டதுதான். பிரேக் அடிக்காதீர்கள். நடுரோட்டில் நின்று ஸ்கிரீனைத் தேய்க்காதீர்கள், ராங் சைடில் திரும்பியும் வராதீர்கள். தொடர்ந்து ஓட்டுங்கள், அதுவே புது வழி போடும். ரவுண்டானா என்றால் இன்னொரு சுற்று சுற்றலாம், யாரும் காசு கேட்கப் போவதில்லை.

இரண்டு நிமிடம் மிச்சம் என்பதற்காக மேப் உங்களைக் கண்மாய்க் கரையிலும் வாழைத் தோப்புக்கு நடுவிலும் விடும். இருசக்கர முறையில் இது கூடுதல், கார் நுழையாத சந்தும் அதற்கு ரோடுதான். பகலில் அது சுகமான அனுபவம், நானே வேண்டுமென்று அப்படிப் போவதுண்டு. இரவில், மழைக்காலத்தில் போகக்கூடாது. ஆற்றின் குறுக்கே தரைப்பாலம் என்றால் தண்ணீர் ஓடுகிறதா என்று மேப்புக்குத் தெரியாது. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் பரேலி அருகே, வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துப் போயிருந்த பாலத்தில் மேப்பைப் பார்த்து ஏறிய கார் ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். ரோடு திடீரென்று குறுகி, எதிரே ஒரு வண்டியும் வராமல், தரையில் டயர்த் தடமும் இல்லாமல் இருந்தால், நீலக் கோடு நேரே காட்டினாலும் நின்று திரும்புங்கள்.

நேரக் கட்டுப்பாடும் மேப்பில் எப்போதும் சரியாக வராது. முதுமலை தாண்டி பந்திப்பூர் வழியாக மைசூர் போகும் காட்டுப் பாதையை இரவு 9 மணி முதல் காலை 6 வரை மூடிவிடுவார்கள். எட்டரைக்கு மசினகுடியில் நின்றுகொண்டு "இரண்டரை மணி நேரம்" என்று மேப் காட்டுவதை நம்பிப் பயனில்லை. ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழி ரொம்பக் கிட்டம் என்று காட்டும். 36 கொண்டை ஊசி வளைவுகளோடு செங்குத்தாக இறங்கும் அந்தப் பாதையில் வெளியூர் வண்டிகளைத் தடுத்துத் திருப்பி அனுப்புவது உண்டு, அப்போது கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வேறு இருக்கிறது. கிளம்பும் முன் விதிமுறையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெயிலும் மழையும்

ஐபோனைச் சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரிக்குள் இருக்கும்போது பயன்படுத்த வேண்டும் என்கிறது ஆப்பிள். வேலூரில் மே மாதம் நிழலிலேயே அதைத் தாண்டிவிடும். போன் சூடேறினால் முதலில் ஸ்கிரீன் வெளிச்சம் குறையும், அப்புறம் சார்ஜ் ஏறுவது நிற்கும், கடைசியில் அணையும். பின்பக்க உறையைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள், காற்று படட்டும். பதினொரு மணிக்கு மேல் பாக்கெட்டுக்கு மாற்றிவிடுங்கள். சூடேறிய போன் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். சிரிக்காதீர்கள், செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மழையில் சொட்டுத் தண்ணீரையே விரல் என்று நினைத்து ஸ்கிரீன் தானாக எதையெதையோ தொடும். வழியை ரத்து செய்யும், யாருக்கோ போன் போடும். பிளாஸ்டிக் பை போட்டால் உள்ளே ஆவி படிந்து ஒன்றும் தெரியாது. மழை என்றால் ஸ்கிரீனை அணைத்து, ரெயின்கோட்டின் உள்பாக்கெட்டில் வைத்து, காதை மட்டும் நம்புங்கள். சார்ஜ் சொருகும் துளை நனைந்துவிட்டால் ஈரம் இருக்கிறது என்று எச்சரிக்கை காட்டி சார்ஜ் ஏற்றாது. அப்போது கேபிளைத் திணித்துத் திணித்துப் பார்க்காமல் காயவிடுங்கள்.

போலீஸ் நிறுத்தினால்

2020 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கும் மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, ஓட்டும்போது போனை வழி பார்ப்பதற்கு மட்டும், ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம். ஹோல்டரில் மாட்டி மேப் ஓடுவது குற்றமில்லை. ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவதும், சிக்னல் விழுந்ததும் மெசேஜ் அடிப்பதும் வேறு கதை.

கேட்டுப் போவது

மேப் குழப்பினால் பெட்ரோல் பங்க், டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு இந்த மூன்றில் ஒன்றில் நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள், பதில் சொல்பவரின் முகமே மாறும். மேப்பில் வரும் ரோட்டு எண்ணைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. அடுத்த ஊர் பெயரைச் சொல்லுங்கள்: "அண்ணே, காரவள்ளிக்கு இப்படியே போலாமா?" வடக்கே கூட்டுரோடு என்பார்கள், மதுரைக்குத் தெற்கே விலக்கு என்பார்கள், கொங்குப் பக்கம் பிரிவு என்பார்கள், ரோடு பிரிகிற இடத்தைத்தான் சொல்கிறார்கள். "ரோடு எப்படி இருக்கு, தண்ணி நிக்குதா" என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள், அது மேப்பில் கிடைக்காத தகவல். "பக்கம்தான்" என்று சொன்னால் இரண்டு கிலோமீட்டரிலிருந்து இருபது வரை எதுவாகவும் இருக்கலாம், அதைத் தூரக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இன்னொன்று: வாயால் வலது என்று சொல்லிக்கொண்டே இடது கையை நீட்டுபவர்கள் நிறைய. அப்போது கை காட்டும் பக்கம் போங்கள், வாய்தான் தவறியிருக்கும்.